துயரத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு ஓர் அறை: பள்ளி நிர்வாகிகளுக்கும் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

விபத்து, தீ, வெள்ளம், கட்டட இடிபாடு, வன்முறை என எது நடந்தாலும், பள்ளி மறுபடி திறந்த சில நாட்களிலேயே ஒரு சுற்றறிக்கை வந்துவிடுகிறது. நினைவேந்தல் நிகழ்ச்சி நடத்துங்கள், மாணவர்களைப் பாடவையுங்கள், ஓவியப் போட்டி வைத்துச் சிறந்த மூன்று படங்களுக்குப் பரிசு கொடுங்கள், புகைப்படங்களை அனுப்புங்கள் என்று அதில் இருக்கும். எழுதியவர்களின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தம்பியைப் பறிகொடுத்த பிள்ளையை மேடைக்கு அழைத்து ஆறுதல் பரிசு கொடுத்துக் கைதட்டுவது நடக்கவே கூடாத காரியம்.

இசையும் ஓவியமும் வழியாகக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பாட்டையும் படத்தையும் பார்வையாளருக்காக ஏற்பாடு செய்யாதீர்கள். கதவு சாத்திய ஓர் அறை, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், மாறாத இரண்டு பெரியவர்கள், கொஞ்சம் தாளும் நிறமும் சில வாத்தியங்களும், குறைந்தது எட்டு வாரங்கள். இதற்கு உத்தரவு கொடுங்கள். எப்படி நடத்த வேண்டும், எங்கே கெட்டுப்போகும் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. இந்த அறை சிகிச்சைக்கூடம் அல்ல. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் உட்காரவைத்துச் சொல்லவைக்கும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. மனநலக் கோளாறு எதுவும் இல்லாமல் துயரத்தில் மட்டும் இருக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் மொத்தமாக உளவியல் சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்று 2013இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆகவே வகுப்பு முழுவதையும் கட்டாயமாக அழைத்துவராதீர்கள். வர விரும்பும் குழந்தை வரட்டும். வந்த பிறகு எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பினால் அதற்கும் இடம் இருக்கட்டும். எல்லாக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான பாட்டு வகுப்பும் ஓவிய வகுப்பும்தான் அது. துக்கம் என்று சொல்லி முதலில் அந்த வகுப்புகளைத்தான் நிறுத்துகிறார்கள். கணக்கை நிறுத்தினாலும் அவற்றை நிறுத்தாதீர்கள்.

எப்போது தொடங்குவது? முதல் இரண்டு மூன்று வாரங்களில் துயரத்துக்கென்று குழு எதுவும் வேண்டாம். அப்போது குழந்தைக்குத் தேவை தூக்கம், சாப்பாடு, தெரிந்த முகங்கள், என்ன நடந்தது என்பதற்கு நேர்மையான பதில். ஒரு மாதம் கழிந்து, வந்தவர்களெல்லாம் கலைந்துபோய், கேமராக்களும் கிளம்பிய பிறகுதான் பல குழந்தைகளுக்கு இழப்பு உறைக்கத் தொடங்கும். உங்கள் நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுகிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுக் குழந்தைகள், வயது வித்தியாசம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம். காரணம் வெறும் ஒழுங்கு மட்டுமல்ல. 1948இல் உளவியலாளர் மரியா நாகி ஹங்கேரியக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு முதல் இன்றுவரை மறுபடி மறுபடி தெரிய வருவது, மரணத்தைப் பற்றிய புரிதல் வயதோடு மாறுகிறது என்பது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இறந்தவர் திரும்பி வரக்கூடியவர். "எப்ப வருவாங்க?" என்று பத்தாவது முறையாகக் கேட்பது பிடிவாதம் அல்ல. எட்டு, ஒன்பது வயதில் திரும்ப வரமாட்டார் என்பது புரிந்துவிடும், ஆனால் "நான் திட்டினதாலதான் செத்துப்போனானா?" என்ற சந்தேகம் உள்ளேயே கிடக்கலாம். பதின்ம வயதினர் எல்லாம் புரிந்தவர்கள் போல அமைதியாக இருப்பார்கள். இவர்களை ஒரே பாயில் உட்காரவைத்தால் பெரியவர்கள் சிறியவர்களுக்குக் காவல் பார்ப்பதோடு நின்றுவிடும்.

சம்பவத்தைக் கண்ணால் கண்ட குழந்தைகளையும், அங்கே இல்லாமல் உறவை இழந்த குழந்தைகளையும் முடிந்தவரை தனித்தனிக் குழுவாக்குங்கள். கண்ட குழந்தை வரைவதைக் காணாத குழந்தை வீட்டுக்குத் தூக்கிச் செல்லும். இரவு அதற்கு வரும் கனவு இன்னொருவரின் கண் பார்த்ததாக இருக்கும்.

அறையைப் பற்றி. கதவில் கண்ணாடி இருந்தால் தாள் ஒட்டுங்கள். ஆனால் பூட்டாதீர்கள். மூடிய இடத்தில் சிக்கி மீண்ட குழந்தை முதலில் பார்ப்பது வெளியே போகும் வழியைத்தான். கதவருகே ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் அங்கே போய் உட்காரலாம். பள்ளி மணியும் ஒலிபெருக்கியும் கேட்காத இடமாக இருந்தால் நல்லது. கேட்கும் என்றால், "இன்னும் பத்து நிமிஷத்தில் மணி அடிக்கும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நடந்தது தீ விபத்து என்றால் மெழுகுவர்த்தி வேண்டாம். துப்பாக்கிச் சூடோ வெடியோ என்றால் பலூன் அறவே கூடாது, திடீரென அடிக்கும் தோல் வாத்தியமும் முதல் வாரங்களில் வேண்டாம். வெள்ளம் என்றால் தண்ணீர் ஓடி வழியும் வண்ணங்களைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளுங்கள். அலங்காரம் செய்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை, மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் அஞ்சலி என்று நினைக்கிறார்கள்.

பொருட்களில் ஒரு வரிசை இருக்கிறது. பென்சில், கலர் பென்சில், ஸ்கெட்ச் பேனா இவை கைக்கு அடங்குபவை, கோடு போட்ட இடத்தில் நிற்கும். ஆயில் பேஸ்டல் கொஞ்சம் இளகும். களிமண், வாட்டர் கலர், விரலால் தீட்டும் வண்ணம் ஆகியவை கையை மீறி ஓடுபவை, கூடவே உணர்ச்சியையும் இழுத்து வருபவை. எல்லாம் கைமீறிப்போன ஒரு நிகழ்விலிருந்து வந்த குழந்தைக்கு முதல் நாளே விரல் வண்ணத்தைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: தாள் முழுக்கப் பழுப்புச் சேறாக்கிவிட்டு அரண்டு போகும், அல்லது தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொள்ளும். முதல் மூன்று வாரம் பென்சிலும் பேஸ்டலும் போதும். நான்காவது வாரம் களிமண், ஆளுக்கு அரைக் கிலோ. அதற்குக் குறைந்தால் பொம்மை செய்யத்தான் வரும், குத்தவும் பிசையவும் போதாது. வண்ணம் ஆறாம் வாரத்துக்குப் பிறகு.

எட்டுப் பேருக்கான ஒரு பெட்டி: ஏ3 அளவில் கனமான தாள் நூறு, ஏ4 தாள் ஒரு கட்டு, இருபத்தைந்து நிற ஆயில் பேஸ்டல் எட்டுப் பெட்டி, கறுப்பும் சிவப்பும் மட்டும் தனியாக ஒரு டஜன், முனை மழுங்கிய கத்தரிக்கோல் எட்டு, பசை, மாஸ்கிங் டேப் இரண்டு சுருள், பழைய பத்திரிகைகள், துடைக்கும் துணி. தாளின் நான்கு மூலையையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அழுத்தி வரையும் குழந்தையின் கைக்குக் கீழே தாள் நழுவினால் கோபம் தாள் மேல் திரும்பும். ஒவ்வொருவருக்கும் மூடி போட்ட ஓர் அட்டைக் கோப்பு, பெயர் உள்பக்கத்தில். ரப்பர் தேவையில்லை. ரப்பர் இருந்தால் சில குழந்தைகள் ஒரு மணி நேரமும் அழித்துக்கொண்டே இருக்கும்.

வாத்தியங்கள் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு அதிகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் கடைசியில் வருபவருக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது மிஞ்சும். ஷேக்கர் நான்கு, சிறிய கைமுரசு இரண்டு, சைலோபோன் இரண்டு, மரக்கட்டைத் தாளம் இரண்டு இணை. சைலோபோனில் ஒரு சூட்சுமம் உண்டு. ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களின் கட்டைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி வையுங்கள். யார் எதைத் தட்டினாலும் கேட்க இதமாக இருக்கும், "தப்பா வாசிச்சிட்டேன்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. எல்லோர் கையிலும் வாத்தியம் போவதற்கு முன்பே நிறுத்தும் சைகையைப் பழக்கிவிடுங்கள்: குழுவை நடத்தும் பெரியவர், அதாவது தலைவர், கை உயர்த்தினால் எல்லா ஒலியும் நிற்கும், எந்தக் குழந்தை கை உயர்த்தினாலும் நிற்கும். இரண்டாவது பாதிதான் முக்கியம். சத்தத்தை நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த குழந்தைதான் சத்தம் போடத் துணியும்.

ஐம்பது நிமிட அமர்வு எப்படி இருக்க வேண்டும்? தொடக்கத்தில் ஒரே பாட்டு, எட்டு வாரமும் அதே பாட்டு, இரண்டு நிமிடம். ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்துப் பாடுவது. பிறகு பத்து நிமிடம் தாளமும் வாத்தியமும், இருபத்தைந்து நிமிடம் வரைவது, பத்து நிமிடம் காட்ட விரும்பினால் காட்டுவது, முடிவில் அதே முடிவுப் பாட்டு. முடிவுப் பாட்டை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அழுதுகொண்டிருக்கும் குழந்தை இருந்தால் "இன்னிக்குப் பாட்டு வேண்டாம்" என்று பெரியவர்கள் இளகிவிடுவார்கள். அமர்வு முடிந்துவிட்டது, அடுத்து கணக்கு வகுப்பு என்று உடலுக்குச் சொல்வது அந்தப் பாட்டுதான். பாடாமல் அனுப்பினால் குழந்தை பாதியில் நிற்கும்.

பெயர்ப் பாட்டில் ஒரு சிக்கல் வரும். இறந்துபோன குழந்தை இதே வகுப்பில் இருந்தது என்றால், சத்தமில்லாமல் அந்தப் பெயரைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லோரும் அதைக் கவனிப்பார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே கேளுங்கள்: "அவள் பெயரையும் பாடலாமா, அந்த இடத்தில் ஒரு தட்டு மட்டும் தட்டலாமா, விட்டுவிடலாமா?" குழு சொல்வதைச் செய்யுங்கள். அடுத்த மாதம் மனம் மாறினால் மாற்றுங்கள். வகுப்பில் அந்தக் காலி மேசைக்கும் இதே விதிதான். இரவோடு இரவாக அப்புறப்படுத்தாதீர்கள்.

இசையில் பெரியவர்கள் அடிக்கடி தவறுவது வேகத்தில். துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மெல்லிய சோக இசை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அறைக்குள் வந்ததும் ஓடி, முட்டி, மேசைக்கடியில் நுழையும் குழந்தைகள் காதில் அது ஏறவே ஏறாது. 1940களில் அமெரிக்க மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் எழுதிய கொள்கை இன்றும் நிற்கிறது: முதலில் ஆள் இருக்கும் நிலைக்கு இசை போக வேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஆளை அழைத்து வர வேண்டும். குழந்தைகள் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் இருந்தால் நீங்களும் 120இல் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு 110, 100, 90 என்று இறங்குங்கள். பத்து நிமிடத்தில் 70க்கு வந்தால் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். அவசரப்பட்டு ஒரே தாவாக இறங்கினால் இரண்டு குழந்தைகள் பழைய வேகத்திலேயே அடித்துக்கொண்டிருப்பார்கள், மறுபடி மேலே ஏறி அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சோர்ந்து சுருண்டு கிடக்கும் குழு என்றால் இதையே தலைகீழாக, 60இல் தொடங்கி ஏற்றிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று சுருதி. ஆண் ஆசிரியர்கள் தங்களுக்கு வசதியான கீழ்ச் சுருதியில் பாடத் தொடங்குகிறார்கள், குழந்தைகள் முணுமுணுக்கிறார்கள், உடனே "பாட மனசில்லை போல" என்ற முடிவு. தொடக்கப் பள்ளி வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எளிதாக வருவது இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை, அதாவது கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்த 'டி' முதல் அதற்கு மேலுள்ள 'ஏ' வரை. பாட்டு அந்த ஐந்து சுரங்களுக்குள் நிற்கட்டும். தொண்டை அடைத்திருக்கும் குழந்தையிடம் உச்ச சுரத்தை எதிர்பார்க்க முடியாது.

பாட்டு எழுதவைப்பது ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு. வெற்றுத் தாளைக் கொடுத்து "எழுது" என்றால் நடக்காது. நான்கு தொடக்கங்களைப் பலகையில் எழுதுங்கள்: "நீ இருந்தப்ப...", "இப்ப...", "எனக்குக் கோபம் வர்றது...", "நான் வெச்சிருக்கிறது..." ஒவ்வொருவரும் ஒரு வரியை முடிக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் பொருத்துங்கள், ஆனால் இறந்தவருக்குப் பிடித்த பாட்டின் மெட்டு முதல் தடவை வேண்டாம். எதுகை மோனைக்காக வரியைத் திருத்தாதீர்கள். "நீ ஏன் என்னை விட்டுட்டுப் போன, உன்கூடப் பேச மாட்டேன்" என்ற வரி வரும். அதை "நீ எங்கள் நெஞ்சில் வாழ்கிறாய்" என்று மாற்றத் துடிக்கும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அன்பும் கோபமும் ஒரே வரியில் வரலாம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும் இடம் அது. பதிவு செய்வதானால் குழந்தைகள் கேட்டால் மட்டும், ஒரு சாதனத்தில் மட்டும், அழிக்கச் சொன்னால் அன்றே அழிக்க வேண்டும்.

இனி வரைவது. "நடந்ததை வரை" என்று சொல்லவே கூடாது. தானாக வரைந்தால் தடுக்கவும் கூடாது. முதல் வாரம் கிறுக்கல்: கண்ணை மூடிக்கொண்டு தாளம் கேட்கும் வரை கோடு இழுப்பது, பிறகு கண் திறந்து அதில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து நிறம் கொடுப்பது. இரண்டாம் வாரம், உடலில் எங்கே பாரமாக இருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது என்று ஓர் உருவக் கோட்டுக்குள் நிறம் தீட்டுவது. இதற்கு ஏ4 தாளில் அச்சிட்ட உருவமே போதும். குழந்தையைத் தரையில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போடும் விளையாட்டு எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிறது. மரணத்துக்குப் பிறகு அதைச் செய்யாதீர்கள். படுத்திருக்கும் குழந்தைக்கும், சுற்றி நின்று பார்க்கும் குழந்தைகளுக்கும் அது என்னவாகத் தெரியும் என்று யோசித்தால் போதும். மூன்றாம் வாரம், பாதுகாப்பாக இருக்கும் ஓர் இடம். இறந்தவரின் நினைவுப் பக்கம், அவர் சட்டையின் நிறம், அவர் சொல்லும் ஒரு சொல், அவரோடு போட்ட சண்டை, இவையெல்லாம் அதற்குப் பிறகு.

வரையும்போது பெரியவர் என்ன பேச வேண்டும்? மிகக் குறைவாக. "என்ன இது?" என்பது விசாரணை. "அழகா இருக்கே!" என்பது அதைவிடக் கெடுதல். அடுத்த படத்தைக் குழந்தை உங்களுக்காக வரையத் தொடங்கிவிடும். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: "இந்த மூலையில நிறையக் கோடு இருக்கு." பிறகு நிறுத்துங்கள். குழந்தை பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் அதுவும் சரி. படத்தின் மேல் உங்கள் கை படக் கூடாது, ஒரு சூரியனைக்கூட நீங்கள் வரையக் கூடாது. தாளின் பின்பக்கம் தேதி எழுதுங்கள். குழந்தை எதையாவது எழுதச் சொன்னால் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள்.

கறுப்பு நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு மனச்சோர்வு, சிவப்பு கோபம், கை இல்லாத உருவம் இயலாமை என்று அகராதி போட்டுப் படிப்பவர்களை அறைக்குள் விடாதீர்கள். படத்தை மட்டும் பார்த்து மனநிலையைக் கண்டுபிடிக்கும் முறைகள் சோதனையில் தேறவில்லை. பல நேரம் கறுப்பு எடுத்ததற்குக் காரணம் பக்கத்துப் பையன் நீலத்தை எடுத்துக்கொண்டதுதான்.

கிழித்தால்? கிழிக்கட்டும். "துண்டுகளை வெச்சுக்கணுமா, போட்டுடணுமா?" என்று மட்டும் கேளுங்கள். வைத்துக்கொள்வதென்றால் ஓர் உறையில் போட்டு அந்தக் கோப்பிலேயே வையுங்கள்.

ஒரே காட்சியை வாரா வாரம் வரையும் குழந்தை இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகளை மனநல மருத்துவர் லெனோர் டெர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டு என்று அவர் விவரித்தது, மகிழ்ச்சியில்லாமல், மாற்றமில்லாமல், ஆறுதலும் தராமல் திரும்பத் திரும்ப வருவது. ஆகவே தேதி போட்ட படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றாம் படத்தில் ஓர் ஏணி வந்திருக்கிறதா, ஐந்தாம் படத்தில் யாராவது உதவிக்கு வருகிறார்களா, வரைந்து முடித்ததும் மூச்சு இளகுகிறதா? அப்படியானால் வேலை நடக்கிறது, குறுக்கே போகாதீர்கள். நான்கைந்து வாரமும் கோடு மாறாமல், முகம் இறுகி, முடித்த பிறகு குழந்தை இன்னும் கலங்கிப்போனால், அது அறையின் வேலையைத் தாண்டிவிட்டது. தேர்ந்த மனநல நிபுணரிடம் அனுப்புங்கள். செத்துப்போக வேண்டும், அவரிடம் போக வேண்டும் என்ற பேச்சு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, பேச்சு நின்றுபோவது ஆகியவற்றுக்கு அடுத்த அமர்வுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. யாரிடம் அனுப்புவது என்ற பெயரும் எண்ணும் முதல் அமர்வுக்கு முன்பே தலைமை ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் அன்றாடத்தை முடக்கினால் அதைத் தனி நோய்நிலையாகவே 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வகைப்பாடு எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதம், பெரியவர்களுக்கு ஓராண்டு.

அதே சமயம், அழுத அடுத்த நிமிடம் பந்து விளையாட ஓடும் குழந்தையைப் பார்த்து "மறந்துட்டான்" என்று சொல்லாதீர்கள், "நடிக்கிறா" என்றும் சொல்லாதீர்கள். இழப்பை நோக்கியும் வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போவதுதான் துயரத்தின் இயல்பு என்று 1999இல் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் விளக்கினார்கள். குழந்தையிடம் அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அமர்வில் பாதி நேரம் சும்மா சிரித்து விளையாடிக் கழிந்தால் அது வீணான நேரம் அல்ல, அறிக்கையில் அப்படி எழுதவும் வேண்டாம்.

விசாரணை நடக்கும் சம்பவமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வரைந்துகொண்டே பேசும் குழந்தை வெறுமனே பேசும் குழந்தையைவிட அதிகம் சொல்கிறது என்று 1998இல் உளவியலாளர்கள் கிராஸ், ஹெய்ன் இருவரின் ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் 2000இல் வந்த இன்னோர் ஆய்வில், பெரியவர் தவறான தகவலைச் சொல்லி அதை வரையவைத்தபோது, நடக்காததையும் நடந்ததாகக் குழந்தைகள் சொன்னார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் "அப்போ அங்க யார் இருந்தாங்க?" என்று கேட்கக் கூடாது, உங்கள் அதிகாரிகள் படங்களைச் சாட்சியாகக் கேட்டு வரவும் கூடாது. குழந்தை தானாக ஏதாவது சொன்னால் சொன்ன சொற்களிலேயே குறித்து, அதற்குரியவரிடம் கொடுப்பதோடு முடிந்தது.

சொல்லில் நேர்மை இருக்கட்டும். "தூங்குகிறார்" என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். "வெளியூர் போயிருக்கிறார்" என்றால் காத்திருக்கும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்ப வர முடியாது, நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. இந்த நான்கையும் சொல்லத் தயங்கும் ஒருவரைக் குழுவுக்குத் தலைவராக்காதீர்கள், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சரி.

தலைவர்கள் யார் என்பதில் நீங்கள் பணம் சேமிக்க நினைக்கலாம். தன் உறவை அதே சம்பவத்தில் இழந்த ஆசிரியரை அனுப்பாதீர்கள், அவருக்கே ஓர் அறை வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பள்ளியிலேயே இருப்பவராக இருக்கட்டும், புதன்கிழமை அழுத குழந்தை வியாழக்கிழமை தாழ்வாரத்தில் தேடும் முகம் அவருடையதாக இருக்கும். வாராவாரம் ஆள் மாற்றி அனுப்பும் தன்னார்வலர் பட்டியல் இதற்கு உதவாது. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் இருவருக்கும் இருபது நிமிடம் பேசிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள், அதை வேலை நேரமாகவே கணக்கில் எடுங்கள்.

பெற்றோரிடம் முதல் நாளே எழுத்தில் சொல்ல வேண்டியது: படங்கள் குழந்தைக்குச் சொந்தம், குழந்தை காட்டினால் பாருங்கள், "இன்னிக்கு என்ன வரைஞ்ச?" என்று குடையாதீர்கள், அமர்வு நடந்த அன்று குழந்தை எரிச்சலாக இருக்கலாம், உங்களோடு ஒட்டிக்கொண்டே இருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்களிடம் உடனே சொல்வோம்.

படங்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டுவது, இணையத்தில் போடுவது, பிரமுகர் வரும்போது காட்டுவது ஆகியவை வேண்டாம். "ஆனால் உலகம் பார்த்ததால்தானே அந்தக் குழந்தைகளின் ஓவியங்கள் நமக்குத் தெரியும்" என்று இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஷ்டாட் முகாமைச் சுட்டுவார்கள். அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அங்கே கைதியாக இருந்த ஓவியர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தார். கிடைத்த அலுவலகப் படிவத் தாள்களை வெட்டி ஒட்டவைத்தார், பூக்களையும் தாளக் கோடுகளையும் வரையவைத்தார், ஒவ்வொரு படத்திலும் குழந்தையின் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன் ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. அங்கே அவர் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். உலகம் பார்த்த கண்காட்சி பிறகு வந்தது. வகுப்பு அதற்காக நடக்கவில்லை. பிராக் நகரில் அவரிடம் படித்த ஈடித் கிரேமர்தான் பின்னாளில் அமெரிக்காவில் ஓவிய சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

சட்டத்தின் மொழியில் வேண்டுமென்றால், 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனதாலும் மீள்வதற்கு வழி செய்யச் சொல்கிறது, 31ஆம் பிரிவு விளையாட்டையும் கலையையும் உரிமையாக்குகிறது, 16ஆம் பிரிவு அந்தரங்கத்தைக் காக்கிறது, 12ஆம் பிரிவு குழந்தையைக் கேட்டு முடிவெடுக்கச் சொல்கிறது. சுவரில் ஒட்டுவதற்கு முன் இந்தக் கடைசி இரண்டையும் படியுங்கள்.

நினைவு நிகழ்ச்சி நடத்தியே ஆக வேண்டும் என்றால் பெரியவர்கள் பாடட்டும், பெரியவர்கள் பேசட்டும். குழந்தை தானாக முன்வந்து தன் படத்தைக் கொடுத்தால் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள், பெயர் போடாதீர்கள், நிகழ்ச்சி தொடங்கும் நிமிடம்வரை திரும்பப் பெறும் உரிமை அதற்கு உண்டு என்று சொல்லுங்கள். இதை இரண்டு நாள் முன்பு ஒரு முறையும், அன்று காலை ஒரு முறையும் கேட்க வேண்டும். குழந்தைகள் முந்தின நாள் தலையாட்டிவிட்டு மறுநாள் மேடை ஓரத்தில் உறைந்து நிற்பது சாதாரணம்.

எட்டு வாரத்தோடு கதவைச் சாத்திவிடாதீர்கள். ஆறாம் வாரத்திலேயே "இன்னும் இரண்டு வாரம்" என்று எண்ணிச் சொல்லத் தொடங்க வேண்டும். சொல்லாமல் முடிப்பது இவர்களுக்கு இன்னொரு திடீர்ப் பிரிவு. பிறகு மாதம் ஒரு முறை, ஆறு மாதம். முதல் ஆண்டு நினைவு நாளுக்கு முந்தைய வாரத்திலும், இறந்தவரின் பிறந்த நாள் வாரத்திலும் கூடுதலாக ஓர் அமர்வு. அந்தத் தேதிகளை இப்போதே பள்ளி நாட்காட்டியில் குறித்து, அந்த வாரங்களில் தேர்வு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்கும் உத்தரவில் இவ்வளவு இருந்தால் போதும்: அறை ஒன்று, வாரம் ஐம்பது நிமிடம், பெயர் குறிப்பிட்ட இரண்டு பெரியவர்கள், மேலே சொன்ன பெட்டி, ஓராண்டுக்கான நிதி, புகைப்படம் எடுக்கத் தடை, அனுப்ப வேண்டிய நிபுணரின் தொடர்பு. ஓவியப் போட்டிக்கான சுற்றறிக்கை ஏற்கெனவே போய்விட்டிருந்தால் இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். தலைவர்களாக வருபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கவும், முதல் இரண்டு அமர்வுகளில் உடனிருக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு பணிபுரியும் இசை, ஓவிய ஆசிரியர்கள்